கண்ணை விற்று நிறம் வாங்கலாமா?



பிள்ளை அடம்பிடிக்கிறான் என்பதற்காக ‘அல்பினோ’ போவா பாம்பை வாங்கித் தராதீர்கள். சுங்கை வேயில் இரண்டு பெற்றோர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். இருவருக்கும் நேரில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

போவா நம் நாட்டுப் பாம்பு அன்று. நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்ந்தது. முட்டையிடாது, குட்டி போடும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இயல்பில் பழுப்பு நிறமான அதன் உடலில் கருநிறமி உண்டாகாமல் போனால், வெளிர்மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த தோலும் சிவந்த கண்களும் அமைகின்றன. பார்ப்பதற்கு அழகுதான், மறுக்கவில்லை. அந்த அழகுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

இந்நிறம் ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் வெளிப்படும். அரிதாகக் கிடைத்த ஒரு பாம்பிலிருந்து நூறு பாம்பு வேண்டுமென்றால், மகளைத் தந்தையோடும், உடன்பிறந்தவற்றை ஒன்றோடொன்றும் இணைப்பதே குறுக்குவழி. அமெரிக்காவில் அப்படிப் பெருக்கப்பட்ட அல்பினோ போவாக்களில் இரண்டு வழிகள் புகழ்பெற்றவை. ஒன்று காஹ்ல் வழி, மற்றொன்று ஷார்ப் வழி. இவற்றுள் காஹ்ல் வழியில் ஒற்றைக் கண்ணோடும், கண்ணே இல்லாமலும், கண் சிறுத்தும் குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் அனைவரும் அறிந்த செய்தி. “அது நிறத்தின் குற்றமன்று, நெருங்கிய உறவில் இணைத்ததன் குற்றம்” என்று சிலர் வாதிடுகிறார்கள். நல்லது! அப்படி இணைத்தது யார்? பாம்பா?

விளம்பரங்களில் இரு கண்ணும் உள்ள குட்டிகளின் படங்களே வருகின்றன. அதே ஈற்றில் பிறந்த மற்றவை எங்கே போயின என்று வாங்குபவர் யாரும் கேட்பதில்லை.

ஓர் அறிவியல் வார நிகழ்ச்சியில் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவரிடம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, அதுக்கு ஏன் ஒரு கண்ணு இல்ல?” அவர் சிரித்துக்கொண்டே, “பாம்புக்குக் கண்ணு தேவையில்லம்மா, நாக்காலேயே எல்லாம் தெரிஞ்சுக்கும்” என்றார். நாக்கால் மணம் அறியும். உதட்டுச் செதில்களால் இரையின் உடற்சூட்டை உணரும். எல்லாம் உண்மையே. ஆனால், செவியால் கேட்க முடியும் என்பதற்காக எந்தக் குழந்தையும் பார்வையின்றிப் பிறக்கட்டும் என்று நாம் திட்டமிடுவோமா? கண் உள்ள அல்பினோவுக்கும் தொல்லை உண்டு. மிகுந்த ஒளியைத் தடுத்து உறிஞ்சும் நிறமி அதன் கண்ணில் இல்லை. பாம்புக்கு மூடிக்கொள்ள இமையும் இல்லை. அதைத்தான் கடைகளில் பகலெல்லாம் வெண்குழல் விளக்கின்கீழ் வைக்கிறார்கள்.

இன்னொரு வாதம் சற்று வலுவானது. வீட்டில் பெருக்கினால் காட்டிலிருந்து கடத்த வேண்டியதில்லை என்பார்கள். கடத்தலின் கொடுமையை நாம் அறிவோம். 2010 ஆகஸ்டு 26ஆம் நாள், பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட்ட அன்சன் வோங்கின் பெட்டி கேஎல்ஐஏ விமான நிலையத்தில் உடைந்தது. உள்ளே 95 போவா பாம்புகள்! ஆறு மாதச் சிறைத் தண்டனையை உயர்நீதிமன்றம் ஐந்தாண்டாக உயர்த்தியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைத்ததால் 2012இல் அவர் வெளியே வந்தார். ஆகவே காட்டைக் காக்கும் வளர்ப்பை நான் எதிர்க்கவில்லை. பழுப்பு நிறப் போவாவை நலமாக வளர்த்தாலே அந்த நோக்கம் நிறைவேறுமே! கண்ணில்லாக் குட்டி பிறக்கக்கூடும் என்று தெரிந்தும் நிறத்துக்காக இணைப்பது எந்தக் காட்டைக் காக்கிறது?

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை தண்டம் உண்டு, சிறையும் உண்டு. ஜெர்மனியோ 1986லேயே ஒரு படி மேலே போனது. உறுப்பின்றியோ உருக்குலைந்தோ பிறந்து துன்புறும் என்று எதிர்பார்க்கத்தக்க குட்டிகளைப் பிறப்பிப்பதையே முதுகெலும்பு உயிர்கள் அனைத்துக்கும் தடை செய்தது. பிரிட்டனில், ‘ஸ்பைடர்’ வகை மலைப்பாம்புகளின் தலை பிறவியிலேயே தள்ளாடுவதைக் கண்டு, பாம்பு வளர்ப்போர் சங்கம் ஒன்றே தன் கண்காட்சிகளில் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. வளர்ப்பவர்களே முடிவெடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நாகம்மன் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் நாம். (பாம்பு பால் குடிப்பதில்லை என்பது வேறு கதை.) அதே கையால் பிறவிக் குறையோடு வளர்த்தெடுத்த பாம்புக்கு விலை பேசுகிறோம்.

அறிவியல் வாரத்துக்குப் பாம்பு கொண்டு வருபவர்களை அழைக்கும் ஆசிரியர்கள், அல்பினோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்றோர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்த வழி? தாயும் தந்தையும் என்ன உறவு? இதே ஈற்றில் எத்தனை குட்டிகள் கண்ணின்றிப் பிறந்தன? விடை வராவிட்டால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வழியில் அவன் அழுதால், அந்த மாணவி கேட்ட கேள்வியை அவனிடம் சொல்லுங்கள்.