பீடத்தில் ஏறிய கொடி

ஆகஸ்ட் 15 கத்தோலிக்கருக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். நாட்டுக்கு விடுதலை நாள். எங்க கோயிலில் இரண்டையும் ஒரே பூசையில் முடித்துவிடுவார்கள். காணிக்கைப் பவனியில் அப்பம், ரசத்தோடு மூவர்ணக் கொடியும் பீடத்துக்குப் போகும். பிரசங்கம் முழுக்கத் தேசபக்தி. முடிவில் தேசிய கீதம்.

போன வருசம் எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் ஒரு பெரியவர் தோளைத் தொட்டார். "என்ன தம்பி, நாம பாடலேன்னா நம்மள அந்நியன்னு சொல்லிருவானுங்கல்ல?"

பாடியது பக்தி இல்லை, பயம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக் காசு, மதமாற்றம் என்று கூச்சல் போடும் கூட்டத்துக்கு நடுவில்தான் அவர் வாழ்கிறார். ஆனால் பாடாதவன் துரோகி அல்ல. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைப் பாடவில்லை என்று 1985-இல் பள்ளியை விட்டு விரட்டினார்கள். மரியாதையாக எழுந்து நின்றதே போதும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அன்றைக்கே வங்கிக்குப் போய்க் கொடியேற்றத்தில் நின்று பாடினேன். அது குடிமகனின் இடம். அம்பேத்கர் எழுதித் தந்த அரசியல் சட்டத்தின் பேரால் பாடினேன். பீடத்தின் முன்னால் யாருக்கு இந்த விசுவாசச் சான்றிதழ்?

சான்றிதழ் பார்ப்பதுதான் எழுத்தரான என் பிழைப்பு. தாட்கோ கடன் மனுக்களைப் புரட்டினால் தெரியும். ஒரே சேரி, ஒரே வீடு. அண்ணன் இந்து ஆதிதிராவிடர், தம்பி கிறித்தவ ஆதிதிராவிடர். அண்ணனுக்குக் கடன் உண்டு, தம்பிக்குக் கிடையாது. ஊர்க்காரன் மட்டும் ரெண்டு பேரையும் ஒரே பேர் சொல்லித்தான் ஏசுறான்.

இந்தக் கோட்டைக் கிழித்தது 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார் என்றது அதன் 3-ஆம் பத்தி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நமக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் கதவு சாத்தியே கிடக்கிறது. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை, மற்றவர்களுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தோற்றார். கிறித்தவத்துக்குள்ளும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம்.

ஆதாரமா வேணும்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே சாதிக் கிறித்தவர் எழுப்பிய சுவர் போதாதா? அரசு நம்மை வெளியே தள்ளியது. திருச்சபை உள்ளே வைத்தே பிரித்தது. அந்த இரண்டும் கைகுலுக்கும் இடத்தில்தான் பீடத்துக் கொடி நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், விண்ணேற்புத் திருநாளுக்குரிய நற்செய்தி மரியாளின் பாட்டு. அரியணையில் இருப்பவர்கள் கீழே விழுவதையும் பசித்தவர் வயிறு நிறைவதையும் ஒரு ஏழைப் பெண் பாடுகிறாள். அதை வாசித்த வாயாலேயே அரியணைக்கு வாழ்த்துப் பாடுகிறோம்.

நாட்டுக்காக மன்றாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தோழர்களே. மன்றாடுவோம், கேள்வியும் கேட்போம். ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகத் தெருவில் கடைப்பிடிக்கிறோம். அதைப் பூசைக்குள் கொண்டுபோவோம். அந்த 3-ஆம் பத்தியை வாசகமேடையில் நின்று ஒருவர் வாசிக்கட்டும். கல்லறைச் சுவருக்காக ஆயரும் குருக்களும் முழங்காலில் நிற்கட்டும்.

அதற்கப்புறம் வரும் 15-ஆம் தேதி கொடியைக் கோயில் வாசலில் ஏற்றுங்க. அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று நானும் பாடுறேன்.