ஓடாத சைக்கிளுக்கு ஒன்றரை இலட்சமா?



உரும்பிராயில் நான் மாதத்தில் இரண்டு தடவை சென்று பார்த்துவரும் அக்கா ஒருவர், அன்று என்னைக் கண்டதும் தேநீருக்கு முன்பே ஒரு கடைத் துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். "தங்கச்சி, நீங்கள் படிச்ச பிள்ளை. இதை எடுக்கலாமோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ." வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிள். முழுக்காசாகக் கட்டினால் 135,000 ரூபாய். தவணை என்றால் முதலில் 30,000, பிறகு மாதம் 11,000 வீதம் பன்னிரண்டு மாதங்கள்.

அக்காவின் கதையை எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். ஆளை அடையாளம் காட்டாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பது கடந்தவர். கணவர் 1996இல் காலையில் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. தையல் மெஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். இப்போது பிள்ளைகள் வேறிடத்தில். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி இடையிடையே கொஞ்சம் அனுப்புவார். ஆறு வருடமாகச் சீனி வருத்தம். முழங்கால் நோவு வேறு. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு: "அம்மா, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் உடம்பை அசையுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் பழையது. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு விறாந்தையில் அண்ணா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி வைத்து மிதிப்பார். டைனமோவிலிருந்து இழுத்த வயர் றேடியோவுக்குப் போகும். நாங்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். மிதி தளர்ந்தால் செய்தி அமுங்கிப்போகும். "மிதியடா, மிதியடா" என்று அப்பு கத்துவார். நான் அப்போது சின்னப்பிள்ளை. ஓடாத சைக்கிளை மிதிப்பதற்கு அன்று ஒரு சதமும் செலவில்லை, உலகச் செய்தியும் கிடைத்தது. இன்றைக்கு அதற்கு ஒன்றரை இலட்சமா என்று மனதில் ஓடியது.

உடனே சொல்லிவிட்டேன்: "என்னத்துக்கு அக்கா? றோட்டிலை நடந்தால் காசில்லைத்தானே." பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், 1899இல் வெப்லன் என்பவர் எழுதிய பகட்டு நுகர்வு பற்றி நோட்ஸ் எடுத்த மூளை. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் ஒரு பொருளைப் பார்த்தவுடன் அப்படித்தான் எண்ணத் தோன்றுகிறது.

அக்கா பிரசுரத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளையளுக்கெண்டு வாங்கினன், வீட்டுக்கெண்டு வாங்கினன். எனக்கெண்டு இதுவரைக்கும் ஒரு சாமான் வாங்கேல்லை. இப்ப கேட்டால் எல்லாரும் என்னத்துக்கு எண்டுதான் கேக்கிறியள்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து கேட்டேன். ஏன் நடக்க முடியவில்லை?

முழங்கால் முதற் காரணம் அல்ல என்பது பேசப் பேசத்தான் தெரிந்தது. விடிய நடக்கப் போனால் ஒழுங்கையில் நாய்கள். பின்னேரம் பலாலி வீதிக்கு ஏறினால் மோட்டார் சைக்கிள்கள். போகிற வழியெல்லாம் "எங்கை போறியள், ஏன் தனியப் போறியள்" என்ற கேள்விகள். கணவர் இல்லாத பெண் வேலையில்லாமல் வீதியில் நடந்தால் அதற்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இருட்டுக்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் உடம்பு நடுங்கும் என்பதை அவர் மிக மெதுவாகவே சொன்னார். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் இருக்கும் சைக்கிள் அவருக்குப் பகட்டுப் பொருள் அல்ல. படலையைப் பூட்டிவிட்டுச் செய்யக்கூடிய ஒரு காரியம். ஆகவே இதை ஒழுங்காக ஆராய்வோம் என்று இருவரும் இருந்தோம்.

அக்காவின் முதற் கேள்வி, கொட்டிலுக்குள் கிடக்கும் பழைய லுமாலாவை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தால் போதாதா என்பது. போதாது. தரையைத் தொடாத சில்லு தன்பாட்டில் சுழலும். காலுக்குப் பாரம் இருக்காது. டைனமோவை உரச விட்டாலும் அது தருவது சின்னப் பாரம்தான். 6 வோல்ற், 3 வாற் அளவு. கடைச் சைக்கிளுக்குக் காசு போவது இந்தப் பாரத்துக்காகத்தான். உள்ளே ஒரு கனமான சில்லு இருக்கும். மலிவான வகையில் கம்பளித்துண்டு போன்ற ஒன்று அதை அழுத்தி உரசும். திருகைத் திருகினால் இறுகும். அந்தத் துண்டு காலப்போக்கில் தேயும், சத்தமும் வரும். விலை கூடியதில் காந்தம் பக்கத்தில் வந்து சில்லைத் தொடாமலே பிடிக்கும். தேய்வும் இல்லை, சத்தமும் குறைவு. இதைவிட விலை கூடினால் கூடுவது பெரும்பாலும் திரையும் எண்களும்தான். எத்தனை கலோரி எரிந்தது என்று அந்தத் திரை காட்டுவது ஒரு மதிப்பீடு மட்டுமே. அதை நம்பி ஒரு வடை கூடச் சாப்பிட வேண்டாம்.

பயன் இருக்கிறதா என்றால் இருக்கிறது. உடம்பின் பாரம் இருக்கையில் இருப்பதால் முழங்காலுக்கு நோவு குறைவு. மாதவிடாய் நின்ற பின் எலும்பு தேயும் வயதில், எலும்பைப் பலப்படுத்த நின்று நடக்கும் அசைவு வேண்டும். சைக்கிள் அந்த வேலையை அவ்வளவாகச் செய்யாது. சீனி வருத்த விடயத்தில் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வருத்தம் வரக்கூடிய நிலையில் இருந்தவர்கள் சாப்பாட்டைத் திருத்தி, நிறையைக் குறைத்து, கிழமைக்கு 150 நிமிடங்கள் உடம்பை அசைத்தபோது வருத்தம் வருவது 58 வீதம் குறைந்தது. சென்னையில் டொக்டர் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்டதில் குறைவு 28.5 வீதம். இரண்டிலும் பெரும்பாலும் நடைதான்.  உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் என்றே சொல்கிறது. தோட்டவேலையும் வீட்டுவேலையும் கணக்கில் வரும். வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுக்கப் புல்லுப் பிடுங்கும் சகோதரி இந்தப் பிரசுரத்தை அடுப்புக்குள் வைக்கலாம். நாள் முழுக்கத் தையலில் குனிந்திருக்கும் அக்காவின் கணக்கு வேறு.

இனிக் காசு. இதில்தான் அதிக நேரம் போனது.

முதற் கட்டுக்காசு 30,000க்குச் சங்கிலியை அடைவு வைப்பது அக்காவின் யோசனை. தவணைகளையும் கூட்டினோம்: 30,000உடன் பன்னிரண்டு பதினோராயிரம், 132,000. மொத்தம் 162,000. அதாவது 105,000 ரூபாய்க் கடனுக்கு 27,000 கூடுதல். "நூற்றுக்கு இருபத்தாறுதானே" என்றார் அக்கா. அங்கேதான் நாங்கள் ஏமாறுகிறோம். மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருகிறது. வருடம் முழுவதும் 105,000 எங்கள் கையில் இருக்கவில்லை, சராசரியாக அதில் பாதிக்குச் சற்றுக் கூடவே இருந்தது. அந்தக் கணக்கில் வட்டி ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. சங்கிலி அடைவின் வட்டி இதற்குப் புறம்பு. நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்ட பாடு அக்காவுக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததல்லவா? கிழமைக்கிழமை படலையடியில் வந்து நின்ற வசூல்காரரை நினைத்ததும் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த கணக்கு, ஒரு தடவை மிதிக்க எவ்வளவு என்பது. 162,000 ரூபாய்ச் சைக்கிளைக் கிழமைக்கு மூன்று நாள், மூன்று வருடம் மிதித்தால் 468 தடவை. ஒரு தடவைக்கு 346 ரூபாய். இருபது தடவையோடு கைவிட்டால் ஒரு தடவைக்கு 8,100 ரூபாய். கைவிடுவோமா? மனிதர் தம்மைப் பற்றிப் போடும் கணக்கு அநேகமாகப் பிழைக்கிறது. அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து டெல்லாவீனா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் எழுதினார்கள். மாதச் சந்தா 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் மாதம் சராசரி 4.3 தடவைதான் போயிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. போகும்போது மட்டும் கட்டியிருந்தால் 10 டொலர்தான். கொரோனாக் காலத்தில் வீட்டுச் சைக்கிள் விற்று உச்சத்துக்குப் போன பெலோட்டன் என்ற அமெரிக்க நிறுவனமும், ஊரடங்குகள் தளர்ந்து 2022 பெப்ரவரி வந்தபோது 2,800 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. வசதியுள்ள நாட்டிலேயே இந்தக் கதி.

"நான் அப்பிடி விடமாட்டன்" என்றார் அக்கா. சரி, பார்ப்போம் என்று ஒரு பரீட்சை வைத்தோம். ஒரு மாதத்துக்கு ஒன்றும் வாங்குவதில்லை. சைக்கிள் வந்தால் எந்த நேரத்தில் மிதிப்பாரோ அதே நேரத்தில், அதாவது விடிய ஐந்தரைக்கு, படலையைப் பூட்டிவிட்டு வளவைச் சுற்றி இருபது நிமிடம் நடப்பது. நடந்த நாளுக்குக் கலண்டரில் புள்ளடி. மழை வந்தால் விறாந்தைக்குள். நான் மூன்றாம் கிழமையோடு நின்றுவிடும் என்றுதான் எண்ணினேன். மாத முடிவில் 22 புள்ளடிகள் இருந்தன. தவறிய எட்டில் ஐந்து நாட்கள் காய்ச்சல்.

இதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதியது வேண்டாம், கடன் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வெளிநாடு போகும் குடும்பங்கள் விட்டுப்போகும் சாமான்களில் இந்தச் சைக்கிள் அடிக்கடி அகப்படும். கோண்டாவில் பக்கத்தில் ஒரு வீட்டில் கண்டோம். அதன் கைப்பிடியில் இரண்டு பாவாடையும் ஒரு துவாயும் காய்ந்துகொண்டிருந்தன. 32,000 சொன்னார்கள், 28,000க்குத் தந்தார்கள். அக்கா சீட்டுக் காசில் கொடுத்தார். சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

பழையது வாங்குபவர்கள் கடையிலோ வீட்டிலோ பத்து நிமிடமாவது ஏறி மிதித்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். மிதி ஒரே சீராகச் சுழல வேண்டும், இடையில் துள்ளக்கூடாது. பாரத் திருகைத் திருப்பினால் வித்தியாசம் தெரிய வேண்டும். இருக்கைக் குழாய்க்குள் துருப் பிடித்திருந்தால் ஏற்றி இறக்க முடியாது. எத்தனை கிலோ தாங்கும் என்று ஒட்டியிருப்பதைப் பாருங்கள். முழங்கால் மடங்க மறுப்பவர்களுக்கு, காலை உயர்த்தித் தாண்டாமல் ஏறக்கூடிய தாழ்ந்த சட்டம் உள்ளதே நல்லது.

முதற் கிழமையே அக்காவுக்கு முழங்கால் வீங்கியது. என் தலையில் இடி. யாழ். போதனா வைத்தியசாலையில் இயன் மருத்துவரிடம் காட்டியபோது, பிழை இருக்கையில் என்று தெரிந்தது. பயத்தில் மிகவும் தாழ்வாக வைத்திருந்தார். மிதி கீழே போகும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் உயரம் சரியானது. இரண்டு துளை ஏற்றினோம். பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னார்கள். இதை நான் வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு கிடப்பவர்கள், இடுப்பிலோ காலிலோ காயப்பட்டவர்கள், செயற்கைக் கால் அணிபவர்கள் கட்டாயம் முதலில் கேளுங்கள். கால் செய்து தந்த இடத்திலும் கேட்கலாம். 1987இல் தொடங்கிய யாழ். ஜெய்ப்பூர் நிறுவனத்தில் உங்களில் பலருக்கு அறிமுகம் உண்டு. சீனிக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்க வேண்டாம். பாதத்தில் விறைப்பு உள்ளவர்கள் சப்பாத்துப் போடுங்கள், முடிந்தபின் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

நான்கு மாதம் ஆகிறது. சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதே காலத்தில் கிளினிக்கில் குளிசையையும் மாற்றியபடியால், அந்தப் புண்ணியம் யாருக்கு என்று என்னால் சொல்ல முடியாது. நித்திரை நன்றாக வருகிறது என்கிறார். அதற்குச் சைக்கிள்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்வார்.

இப்போது பின்னேரங்களில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும் வந்து மிதிக்கிறார். அவர் துவாயும் கையோடு கொண்டுவருவார். இரண்டு பேர் மிதிப்பதால் உள்ளே உரசும் துண்டு தேய்ந்து, சில்லு வழுக்கத் தொடங்கியது. சந்தியடிச் சைக்கிள் கடைக்காரர் பழைய தோல்செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கூலி கேட்டதற்கு, "மிதிச்சுப் பாத்திட்டுத் தாங்கோ அக்கா" என்றாராம்.