இரவல் பாடலா, சொந்தப் பாடலா?

சென்ற விடுமுறையில் ஒரு மாலை வேளை. வீட்டின் முன்னறையில் அமர்ந்து ஓர் இசைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் அக்கா அருகில் வந்து சிறிது நேரம் நின்று கேட்டாள். பிறகு, “இவை எல்லாம் எந்தக் காலத்துப் பாட்டுகள்! எத்தனையோ பேர் பாடி முடித்துவிட்டார்கள். இந்த அம்மா புதிதாக என்ன செய்துவிட்டார்? இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போலத்தானே இது?” என்று கேட்டுச் சிரித்தாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். அன்று அவளிடம் சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்புத் தோழியரே, நீங்களே நடுவராக இருந்து தீர்ப்புக் கூறுங்கள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தது கனடா நாட்டைச் சேர்ந்த ஜாஸ் பாடகியும் பியானோ கலைஞருமான டயானா க்ராலின் ‘லைவ் இன் பாரிஸ்’ என்னும் பதிவு. 2001ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பாரிஸ் நகரத்து ஒலிம்பியா அரங்கில் அவர் நடத்திய கச்சேரிகளிலிருந்து தொகுக்கப்பட்டு, 2002இல் வெளிவந்தது. ஒலிம்பியா 1893இல் திறக்கப்பட்ட பழம்பெரும் அரங்கம். பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற பாடகி எடித் பியாஃப் பாடிய மேடை அது. இப்பதிவில் 12 பாடல்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுகூட க்ரால் எழுதியதோ மெட்டமைத்ததோ அன்று. ஆகவே அக்காவின் கேள்வி அர்த்தமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் அது.

ஜாஸ் இசையில் ‘ஸ்டாண்டர்டு’ என்று ஒரு வகைப் பாடல்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை 1920ஆம் ஆண்டு முதல் 1950கள் வரை அமெரிக்க நாடக மேடைகளுக்காகவும் திரைப்படங்களுக்காகவும் எழுதப்பட்டவை. நாடகம் முடிந்து திரை விழுந்துவிட்டது. படங்கள் பல மறக்கப்பட்டுவிட்டன. பாடல்கள் மட்டும் நிலைத்துவிட்டன. ஜாஸ் கலைஞர்கள் அவற்றைப் பொதுச்சொத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். முதலில் பாடலை ஒருமுறை பாடுவார்கள். பிறகு அதன் அடியில் ஓடும் சுர அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதைப் பியானோவிலும் கிதாரிலும் வாசிப்பார்கள். இறுதியில் மீண்டும் பாடலுக்கே வந்து சேர்வார்கள். எனவே இங்கே எழுதப்பட்ட பாடல் என்பது கட்டி முடித்த வீடு அன்று. வீடு கட்டுவதற்கான மனை என்றே சொல்லலாம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். இப்பதிவில் ‘ஸ் ஒண்டர்ஃபுல்’ என்னும் பாடல் உள்ளது. ஜார்ஜ் கெர்ஷ்வின் மெட்டமைக்க, அவருடைய அண்ணன் ஐரா கெர்ஷ்வின் சொற்களை எழுத, 1927இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘ஃபன்னி ஃபேஸ்’ என்னும் இசை நாடகத்தில் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1977இல், பிரேசில் நாட்டுப் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ தம் ‘அமொரோசோ’ பதிவில் அதைத் தம் நாட்டுப் போசா நோவா நடைக்கு மாற்றிப் பாடினார். கூட ஒலித்த வயலின்களுக்கு இசை எழுதியவர் கிளாஸ் ஓகர்மான் என்னும் ஜெர்மானியர். அதே ஓகர்மானின் துணையோடு க்ரால் அந்தப் போசா நோவா வழியைத் தம்முடையதாக்கிக் கொண்டார். நியூயார்க் நாடகப் பாட்டு, பிரேசில் வழியாகச் சென்று, கனடா நாட்டுப் பெண் ஒருவரின் குரலில் பாரிஸ் மக்களை அடைகிறது. இத்தனை கைகள் பட்ட பிறகு இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்? பாடிய ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

இன்னொன்று பாருங்கள். கோல் போர்ட்டர் 1936இல் ஒரு திரைப்படத்துக்காக எழுதிய ‘ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்’ என்னும் பாடலை ஃபிராங்க் சினாட்ரா 1956இல் வெளியிட்டபோது, அது ஏறக்குறைய அவருக்கே உரியது போல் ஆகிவிட்டது. அதில் இசைக்குழு படிப்படியாக ஏறி, டிராம்போன் முழங்க, உச்சத்தைத் தொடும். அதைக் கேட்ட பிறகு யார் துணிந்து அந்தப் பாட்டைத் தொடுவார்கள்? க்ரால் தொட்டார். ஆனால் முழக்கத்தோடு போட்டியிடவில்லை. வேகத்தை வெகுவாகக் குறைத்து, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவரிடம் தனியே சொல்வது போலப் பாடினார். சினாட்ராவிடம் அது வெற்றிக் களிப்பாக ஒலிக்கிறது. இவரிடம் அதே சொற்கள் விடுபட முடியாத ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலமாக ஒலிக்கின்றன. சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது! இதை இரவல் என்று எப்படிச் சொல்வது?

என்னை மிகவும் நெகிழ வைத்தது ‘ஈஸ்ட் ஆஃப் தி சன்’ என்னும் பாடலின் வரலாறு. அதை எழுதியவர் ப்ரூக்ஸ் போமன் என்னும் மாணவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மாணவர் நாடகக் குழுவுக்காக 1934இல் அதை எழுதினார். ஆம், தோழியரே, நம் ஆண்டு விழாவைப் போன்ற ஒரு மாணவர் விழாப் பாட்டுத்தான் அது! மூன்றே ஆண்டுகளில், 1937இல், ஒரு கார் விபத்தில் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 23. அவருடைய பாடல்களில் பெயர் பெற்றது இந்த ஒன்றே எனலாம். பின் வந்தவர்கள், “இது வேறொருவர் பாட்டு, நமக்கு எதற்கு?” என்று ஒதுக்கியிருந்தால், அந்த நாடகத்தோடு அதுவும் மறைந்திருக்கும். பாட்டு என்பது காகிதத்தில் வாழ்வதன்று. பாடுகிறவர் தொண்டையில் வாழ்வது. போமன் மறைந்து 64 ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸில் ஒரு பெண் அதைப் பாடினார் என்றால், அது அந்த இளைஞருக்குச் செய்த மரியாதை அல்லவா?

இனி, பாடியவரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். டயானா க்ரால் 1964இல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள நனைமோ என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை பியானோ வாசிப்பவர். பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர். நான்கு வயதில் பியானோ கற்கத் தொடங்கிய மகள், 15 வயதிலேயே உள்ளூர் உணவகங்களில் வாசித்தார். உதவித்தொகை பெற்று பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, ஜிம்மி ரோல்ஸ் என்னும் மூத்த பியானோ கலைஞரிடம் பயின்றார். க்ராலைப் பாடவும் தூண்டியவர் அவரே. ஆக, முதலில் விரல்கள்; பிறகுதான் குரல்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவருடைய பதிவுகள் வெளிவந்த நாள்களில், இவருடைய பொன்னிறக் கூந்தலைப் பற்றியும் அட்டைப் படங்களைப் பற்றியும் பேசியவர்கள் பலர். விரல்களைப் பற்றிப் பேசியவர்கள் அத்தனை பேர் அல்லர். ஒரு பெண் மேடை ஏறினால் உலகம் முதலில் கண்ணால் பார்க்கிறது. காதால் கேட்பது பிறகுதான்! ஆனால் ‘டெவில் மே கேர்’ என்னும் வேகமான பாடலைக் கேளுங்கள். பாடிக்கொண்டே பியானோவில் தாளத்தைப் பிடித்து நிறுத்துவதும், கிதார் கலைஞர் ஆண்டனி வில்சன் வாசிக்கும்போது இடம் விட்டு ஒதுங்குவதும், மீண்டும் பாட்டுக்குள் எல்லோரையும் அழைத்து வருவதும் அவரே. பாஸ் வாசித்த ஜான் கிளேட்டனும் டிரம்ஸ் வாசித்த ஜெஃப் ஹாமில்டனும் அவருக்கு மூத்த கலைஞர்கள். 1993இல் வெளிவந்த அவருடைய முதல் பதிவிலும் உடன் வாசித்தவர்கள் இவர்களே. அத்தகையவர்கள் இந்தப் பெண்ணின் விரலசைவுக்குக் காத்திருந்து வாசிக்கிறார்கள். தலைமை என்பது உரத்துப் பேசுவதன்று, பிறர் சொல்வதைக் கூர்ந்து கேட்பது என்பதை நான் இங்கேதான் கற்றேன்.

பியானோவின் முன் அமர்ந்து பாடிய பெண்களுக்கு அந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. கறுப்பினக் கலைஞரான நீனா சிமோன் சாஸ்திரிய பியானோ கலைஞராக வர விரும்பியவர். 1954இல் அட்லாண்டிக் சிட்டி நகரத்தில் ஒரு மதுக்கடையில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். “பாடவும் செய்தால்தான் வேலை” என்பது முதலாளி இட்ட நிபந்தனை. வேறு வழியின்றிப் பாடத் தொடங்கினார். பின்னர் உலகமே அவர் குரலைக் கேட்டது. 1959இல் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் அவர் நடத்திய கச்சேரியும் பதிவாகி வெளிவந்திருக்கிறது. குரலும் விரலும் ஒருவருடையதாகவே இருக்கும்போது, பாட்டு எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை வேறு யாரும் தீர்மானிப்பதில்லை.

குறைகளையும் மறைக்காமல் கூறுவதே நேர்மை. மேடைப் பதிவு என்றால் எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பல மாலைகளில் பாடியவற்றுள் நல்லவை தேர்ந்தெடுக்கப்பட்டன. கடைசிப் பாடலான பில்லி ஜோயலின் ‘ஜஸ்ட் தி வே யூ ஆர்’ பாரிஸில் பாடப்பட்டதே அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிச் சேர்க்கப்பட்டது. கச்சேரியின் நிறைவில் அதை ஒட்டவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. சில பாடல்களில் பெரிய இசைக்குழுவின் வயலின்கள் பட்டுத் துணிபோல் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுகிறது. 2003இல் சிறந்த ஜாஸ் குரலிசைப் பதிவுக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது உண்மை. ஆயினும் விருது பெற்றதாலேயே ஒன்று குறையற்றதாகி விடாது.

இத்தனை குறைகளையும் மறக்கச் செய்யும் ஒரு பாடல் உண்டு. அதுதான் ‘எ கேஸ் ஆஃப் யூ’. கனடா நாட்டின் மற்றொரு பாடகி ஜோனி மிட்செல் தாமே எழுதி 1971இல் பாடியது. அதைப் பாடும்போது வயலின் இல்லை, கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரு பியானோ, ஒரு குரல், எதிரே நிறைந்த அரங்கு. அவ்வளவே. சொற்களுக்கு நடுவே அவர் விடும் இடைவெளியில் அத்தனை பேரும் மூச்சடக்கி இருப்பதை உணர முடிகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தவறினால் மறுபடி பாடலாம். மேடையில் தவறினால் தவறியதுதான். அந்த அச்சம் தெரிந்தும் துணையின்றி அமர்ந்து பாடுகிறார் பாருங்கள், அந்தத் துணிவை எவரும் இரவல் தர முடியாது. மேடைப் பதிவின் பெருமையே அதுதான்.

பின்னர் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிறர் பாடல்களையே பாடி வந்த க்ரால், தாயை இழந்த துயரத்துக்குப் பின், 2004இல் வெளியிட்ட ‘தி கேர்ள் இன் தி அதர் ரூம்’ என்னும் பதிவில் தம் கணவர் எல்விஸ் காஸ்டெலோவுடன் சேர்ந்து எழுதிய சொந்தப் பாடல்களையும் பாடினார். பிறர் பாடல்களில் அத்தனை ஆண்டுகள் குடியிருந்து பழகியதால்தான் தம் சொந்தத் துயரத்துக்கும் மெட்டுக் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். கேட்டுக் கேட்டுத்தான் குழந்தை பேசுகிறது. பாடிப் பாடித்தான் பாடகி பிறக்கிறாள்.

இப்போது அக்காவின் இரவல் நகைக்கு வருவோம். இரவல் நகையை வாங்கியது வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும். சிறு கீறல்கூட விழக் கூடாது. பாடல் அப்படியன்று. வாங்கியபடியே திருப்பித் தந்தால்தான் குற்றம்! நம்முடைய குரலும் நம்முடைய அனுபவமும் அதில் சிறிதாவது பட்டிருக்க வேண்டும். தோழியரே, அடுத்த முறை மேடையில் ஒரு பழைய பாடலைப் பாட நேர்ந்தால், “முன்பு பாடியவர் போலவே இருந்ததா?” என்று கேட்காதீர்கள். “நான் பாடியது போல இருந்ததா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வருமானால், அந்தப் பாட்டு அன்று முதல் உங்களுக்கும் சொந்தம்.

பின்குறிப்பாக ஒன்று. இதை எழுதி முடித்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில், “அந்தத் தனியாகப் பாடுகிற பாட்டு எதுடீ? அதை ஒருமுறை போடு” என்றாள்.