மூன்று வரிகளுக்கு ஒரு வகுப்பு

எங்கள் ஊர் மாலைநேரப் பயிற்சி மையத்தில் பிளஸ் 1 மாணவி ஒருவர் புதுப் பாடநூல்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திடீரென்று கேட்டார்: "அண்ணா, தீண்டாமை பாவம்னு போட்டிருக்கு. பாவம் யாருக்கு? போன ஜென்மத்துல நாம பாவம் பண்ணதாலதான் சேரியில பொறந்தோம்னு எங்க ஆயா சொல்லுதே?"

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தீண்டாமை குறித்து மூன்று வரிகள் இருப்பதை எல்லோரும் அறிவோம். அது பாவம் என்கிறது ஒரு வரி. குற்றம் என்கிறது இன்னொரு வரி. மனிதத் தன்மைக்கே ஒவ்வாதது என்கிறது மூன்றாவது வரி. பாவம் சமயத்தின் சொல். குற்றம் சட்டத்தின் சொல். மனிதத் தன்மை அறத்தின் சொல். சட்டத்தையாவது சமூக அறிவியலில் படிக்கிறோம்; அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். மற்ற இரண்டையும் எந்த வகுப்பில் பேசுகிறோம்?

நான் படித்த காலத்தில் 'நீதிபோதனை' என்று வாரம் ஒரு பாடவேளை இருந்தது. அதைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததே இல்லை.

இத்தனைக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கு 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்றொரு விருப்பப் பாடம் இருக்கிறது. அரசே நூல் அச்சிடுகிறது. ஆனால் எங்கள் பகுதியில் அதை எடுத்துப் படித்த ஒரு மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அப்படி ஒரு பாடம் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

இது வெறும் பாடத்திட்டப் பிரச்சினை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த தலித் மாணவர் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். உடன் படித்த மாணவர்களே செய்தார்கள் என்பது வழக்கு. வழக்கில் சிக்கியவர்களின் புத்தகப் பைகளிலும் அந்த மூன்று வரிகள் இருந்திருக்கும். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை அளித்தது. அறநெறி வகுப்பு வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று.

வகுப்பு வரட்டும். ஆனால் எப்படிப்பட்ட வகுப்பு? 'பொய் சொல்லாதே, பெரியோரை மதி' என்று ஒப்பிக்க வைக்கும் வகுப்பு நமக்கு உதவாது. சேரிப் பிள்ளைக்குப் பணிவைச் சொல்லித் தர இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கேள்வி கேட்கக் கற்றுத் தரும் வகுப்பே வேண்டும்.

அதற்கு முன்மாதிரி தமிழிலேயே உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், சமணர், பூதவாதி எனப் பல தரப்பாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகே பௌத்த அறத்தை ஏற்கிறாள். கணிகையின் மகள் என்று ஊர் ஒதுக்கிய பெண் அவள்.

அண்ணல் அம்பேத்கரும் அதையே செய்தார். இந்துவாகச் சாக மாட்டேன் என்று அவர் அறிவித்தது 1935இல். நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் சமயங்களைப் படித்தார், ஒப்பிட்டார், கேள்வி கேட்டார். தம்மத்தில் கடவுளின் இடத்தில் அறம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அவருக்கும் முன்பே, 1907இல் இதழ் தொடங்கிப் பௌத்தம் பேசிய அயோத்திதாசப் பண்டிதர் நம் மண்ணின் சிந்தனையாளர். இவர்களைச் சிலையாகவும் சுவரொட்டியாகவும் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சிந்தனையாளர்களாகப் படிக்க வேண்டாமா?

பள்ளிக்குள் மதம் வந்துவிடும் என்று தோழர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆவது பிரிவு. ஆனால் மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவாக்கியது. அந்தக் கோட்டைத் தாண்டாமல் காப்பது பாடநூலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும்தான். நாம் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடத்தைச் சாதிச் சங்கமும் வாட்ஸ்அப்பும் நிரப்பும். ஏற்கெனவே நிரப்பிக்கொண்டும் இருக்கின்றன.

வேலைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணுக்குத் தனித்தாள் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகள் அதைக் காசு கொடுத்துப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலேயே படித்தால் என்ன?

ஒன்றியத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியிலாவது இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் முதலில் தொடங்க வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் இதை எழுந்து கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பாவம் என்று யார் சொன்னார்கள், சொன்னதால் யாருக்கு லாபம் என்று ஆயாவிடமே கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் வந்து சொன்னார்: "ஆயா யோசிக்குதுண்ணா."

எழுபது வயதில் ஆயா யோசிக்கத் தொடங்கியிருக்கிறார். பேத்தி பதினாறு வயதிலேயே தொடங்கட்டும்.