ஹாலுக்கு நடுநாயகம் யாரு?

ரொம்ப நாளாச்சு மக்கா இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். வீட்டுலயும் ஆணி அடிக்கிற வேலைதான் ஓடிச்சு, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

2023-ல அம்பத்தூர்ல ஒரு ஃபிளாட் வாங்கினோம். ஹால் பத்துக்குப் பதினஞ்சு. உள்வேலை பார்க்க வந்தவர் கதவைத் திறந்ததும் முதல்ல சொன்னது, "சார், ஹாலுக்கு ஒரு ஃபோகல் பாயிண்ட் வேணும். உள்ள நுழைஞ்சதும் கண்ணு அங்க போய் நிக்கணும்". அதாவது டிவி. மரக்கலர்ல எட்டடி பேனல், பின்னாடி எல்ஈடி வெளிச்சம், நடுவுல 55 இஞ்ச் டிவி. எதிர்ல சோபா.

நமக்கு இஞ்சினியர் புத்தி இல்லையா, கணக்குப் போட்டேன். திரை நம்ம கண்ணுக்கு முப்பது டிகிரி விரியணும்னா 55 இஞ்சுக்குச் சுமார் ஏழரை அடி தள்ளி உக்காரணும். பத்தடியில பேனலுக்கு அரையடி, சோபாவுல சாய்ஞ்சா ரெண்டடி போச்சுன்னா மிச்சம் ஏழரை. அச்சு அசலா வந்துச்சு! எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துருச்சு :-)

கணக்குல வராத ஒண்ணு இருந்தது. அப்பாவோட சாய்வு நாற்காலி. அந்தத் துணி போட்ட நாற்காலிதான். எஸ்டேட்ல ஒரு பட்டறையில முப்பது வருஷம் டர்னரா நின்னே வேலை பார்த்தவர், அதுல சாய்ஞ்சாதான் அவருக்கு வீடு. பழைய வாடகை வீட்டுல அது வாசலைப் பார்த்துக் கிடக்கும். யார் கேட்டைத் திறந்தாலும் முதல்ல கேக்குறது அவரோட "வாங்க வாங்க"தான். புது ஹால்ல கலர் பொருந்தலைன்னு தங்கமணி சொன்னாங்க. காலை நீட்டினா வழி அடைக்குதுன்னு நான் சொன்னேன். பெட்ரூமுக்குப் போயிடுச்சு. "எனக்கு எங்க போட்டா என்னப்பா"ன்னு அவரும் சொல்லிட்டார்.

அப்புறம் அவரும் ஹாலுக்கு வர்றதில்லை. யாராவது வந்தா "மாமா உள்ள இருக்காங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சோம். அவரோட வேலை பார்த்த ஒருத்தர் ஆவடியிலருந்து ஒருநாள் வந்தார். ரெண்டு பேரும் சோபாவுல பக்கத்துப் பக்கத்துல, சினிமா தியேட்டர் மாதிரி. எதிர்ல செய்தி ஓடுது. இருபது நிமிஷம். காபி குடிச்சிட்டு "வரேன்டா"ன்னு கிளம்பிட்டார். பழைய வீட்டுல இவங்க பேச ஆரம்பிச்சா அம்மா ரெண்டாவது தடவை டிகாஷன் போடணும்.

இந்த ஃபோகஸ்ங்கிற வார்த்தைக்கு லத்தீன்ல அடுப்புன்னு அர்த்தம். கெப்ளர் 1604-ல அதை ஒளியியலுக்குக் கொண்டுவந்தார். குளிர் தேசத்துக்காரன் வீட்டு நடுவுல நெருப்பு எரியும், சுத்தி உக்காந்தவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலாம். நம்ம அடுப்பு உள்ள, சமையல்கட்டுல. நமக்கு இருந்தது தெருவைப் பார்த்த திண்ணை, வீட்டுக்குள்ள வானம் பார்த்த முற்றம். ரெண்டுமே காலி இடம். மனுஷங்க வந்து உக்காந்தாதான் அங்க பார்க்க ஏதாவது இருக்கும்.

மெட்ராஸ்ல டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15. அந்தக் காலத்து சாலிடேர், டயனோரா பெட்டிகள்ல மரத்துல ஷட்டர் வச்சது உண்டு, பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. நிகழ்ச்சி முடிஞ்சா ஷட்டரை இழுத்து மூடிடலாம். ஹால் திரும்ப ஹாலாயிடும். என்னைக் கேட்டா டிவியோட வந்த நல்ல விஷயமே அந்த ஷட்டர்தான். எங்க வீட்டுக்கு வந்தது அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி. 2006 தேர்தல் வாக்குறுதி, அந்த செப்டம்பர்லயே கொடுக்க ஆரம்பிச்சாங்க. அம்மாவோட தையல் மிஷின் மேலதான் அதுக்கு இடம். ஜாக்கெட் தைக்க வேண்டியிருந்தா டிவி தரைக்கு இறங்கிடும். அது வீட்டுக்கு வந்த விருந்தாளி, நடுநாயகம் இல்ல.

கொலுவையே பாருங்களேன். பக்கத்து பிளாக்ல ஒன்பது படி வைப்பாங்க. நாற்காலி, சோபா எல்லாம் அதைப் பார்த்துத் திரும்பும், ஹாலே வேற ஆயிடும். ஆனா அது ஒன்பது நாளைக்குத்தான். அப்புறம் பொம்மையெல்லாம் துணியில சுத்தி பரண்ல ஏறிடும். சுவத்துல ஸ்க்ரூ போட்டு இறுக்கின பேனல் பரணுக்குப் போகாது. பில்டரும் டிவி பாயிண்ட், மூணு பிளக் எல்லாம் அந்த ஒரே சுவத்துல வச்சிடறார். நாம எங்க பார்த்து உக்காரணும்னு சாவி வாங்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அம்பத்தூர் எஸ்டேட்லயே தண்ணி. எங்க தெருவுல முழங்கால் வரைக்கும். மூணு நாள் கரண்ட் இல்ல. கறுப்பா நிக்கிற 55 இஞ்சை எவ்வளவு நேரம்தான் பார்க்கறது? சோபாவை நகர்த்தி ஜன்னல் பக்கம் திருப்பினோம். ரெண்டாவது நாள் அப்பா தானாவே நாற்காலியைத் தூக்கிட்டு வந்து ஜன்னலோரம் போட்டார். கீழ் வீட்டுக்காரங்க பால் இருக்கான்னு கேட்டு வந்தாங்க. ஆறு மாசத்துக்கு அப்புறம் அந்த "வாங்க வாங்க"வைக் கேட்டேன். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கரண்ட் வந்ததும் நாற்காலியை எடுத்து வைக்க எழுந்தார். "இருக்கட்டும்ப்பா"ன்னேன்.

டிவி வேணாம்னு சொல்ல வரல. அம்மாவோட சீரியல்ல கை வச்சா எனக்கு சோறு கிடைக்காது. பேனலையும் கழட்டல, அதுக்கு இன்னும் தவணை ஓடுது. சோபா இப்ப டிவிக்குப் பக்கவாட்டுல கிடக்கு, பார்க்கணும்னா கழுத்தைத் திருப்பணும். முப்பது டிகிரி கணக்கு காலி. உள்வேலைக்காரர் ஒருதடவை வந்து பார்த்துட்டு, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க"ன்னார். பேசிக்கிட்டே அப்பா பக்கத்துல உக்காந்தவர் முக்கா மணி நேரம் கழிச்சுத்தான் எழுந்தார்.

டிஸ்கி: நாற்காலித் துணிக்காவது பேனல் கலர்ல ஒண்ணு தேடுங்கன்னு தங்கமணி உத்தரவு. அம்பத்தூர், பாடி, பூந்தமல்லி பக்கம் எங்கயாவது கிடைச்சா பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.