குழந்தைகள் பந்தாட்டத்திலும் “தகுதி, திறமை”ப் புரட்டு

அமெரிக்கா முதலிய மேல்நாடுகளில் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கென்றே கால்பந்துக் கிளப்புகள் ஏராளமாக நடந்து வருகின்றன. பெற்றோர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டியும் குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால், நாலைந்து குழந்தைகள் நேரம் முழுவதும் ஆடுவதும், இரண்டு மூன்று குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவதும் பல கிளப்புகளில் வழக்கமாயிருக்கிறது. ஏனென்று கேட்டால், “ஜெயிக்க வேண்டாமா? திறமையுள்ளவன்தானே ஆடவேண்டும்?” என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் நமக்குப் புதியதல்ல. படிக்காதே என்று தலைமுறை தலைமுறையாய் ஒதுக்கி வைத்துவிட்டு, உத்தியோகம் கேட்ட அன்றைக்கு “உனக்குத் தகுதி ஏது?” என்று கேட்டார்களே, அந்தப் பதிலேதான் இது. நீந்தக் கற்ற பிறகுதான் கிணற்றில் இறங்கலாம் என்பவன் நீச்சல் கற்றுக் கொடுப்பவனாவானா? ஆடவிடாமல் உட்கார வைத்தால் ஆட்டம் எப்படி வரும்?

சரி, அந்தத் திறமைதான் என்னவென்று பார்ப்போம். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கனடா தேசத்து ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களைக் கணக்கெடுத்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாயிருந்தார்கள். உடனே நம் ஜோசியர் பஞ்சாங்கத்தைத் தூக்கிக் கொண்டு ஓடிவர வேண்டியதில்லை. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஜனவரியில் பிறந்த குழந்தையும் டிசம்பரில் பிறந்த குழந்தையும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். எட்டு வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். மூத்தது உயரமாய், பலமாய் இருக்கிறது. “இவன் கெட்டிக்காரன்” என்று அதையே பொறுக்குகிறார்கள். அதற்கே ஆடும் நேரமும் நல்ல பயிற்சியும் கொடுக்கிறார்கள். கடைசியில் அது மெய்யாகவே கெட்டிக்காரனாகி விடுகிறது!

இதற்குப் பெல்ஜியத்தைவிட நல்ல ருஜு வேண்டியதில்லை. அங்கே கால்பந்து வயதுப் பிரிவு ஆகஸ்டு முதல் தேதியில் தொடங்கிய வரையில், இளைஞர் குழுக்களில் ஆகஸ்டையொட்டிப் பிறந்தவர்கள் மிகுந்திருந்தார்கள். 1997இல் அத்தேதியை ஜனவரி முதல் தேதிக்கு மாற்றினார்கள். அதிர்ஷ்டமும் ஜனவரிக்காரர்கள் பக்கம் மாறிவிட்டது. கிரகங்கள் கமிட்டித் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தனவா? பிறவித் திறமை என்பதில் பெரும்பகுதி மனிதன் போட்ட கோட்டின் வேலை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லோரையும் ஆடவைப்பது காரியத்தில் முடியாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு ஏழு பேர், 50 நிமிஷ ஆட்டம், குழுவில் பத்துக் குழந்தைகள். ஏழை ஐம்பதால் பெருக்கினால் 350. பத்தால் வகுத்தால் தலைக்கு 35 நிமிஷம். ஆட்டத்தை நான்கு கால்பாகமாக்கினால் எட்டுக் குழந்தைகள் மூன்று கால்பாகமும் இருவர் இரண்டு கால்பாகமும் ஆடலாம். அடுத்த ஆட்டத்தில் அவ்விருவருக்கும் மூன்று கொடுக்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு துண்டுக் காகிதமும் நியாய புத்தியும் போதும். அமெரிக்காவிலேயே 1964இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமெரிக்க இளைஞர் கால்பந்துச் சங்கம், ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆடவேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறது.

அப்படிச் செய்தால் வீரர்கள் தோன்ற மாட்டார்கள் என்று பயமுறுத்துவார்கள். நார்வேயைப் பாருங்கள். குழந்தை விளையாட்டுக்கென்று 1987இலேயே அந்நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் தனி விதிகள் செய்தது. இன்று அங்கே பதினொரு வயதாகும் ஆண்டுக்கு முன் குழந்தைகளுக்குப் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. ஏறக்குறைய 54 லட்சம் ஜனங்களேயுள்ள அந்நாடு, 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் பெற்று உலகத்திலேயே முதலாவதாக நின்றது. பனியும் பணமும் அதற்குக் காரணமல்ல என்று நாம் சொல்லவில்லை. குழந்தைகளைச் சிறு வயதிலேயே சலித்துத் தள்ளாததால் நாடு குடிமுழுகிப் போகவில்லை என்றுதான் சொல்லுகிறோம்.

பதினைந்து, பதினாறு வயதில் பொறுக்கி எடுக்கட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. பயிற்சிக்கு வராத பையனுக்குச் சிறிது நேரம் குறைப்பதும் நியாயமே. ஆனால் எட்டு வயதுக் குழந்தை தோல்வியைத் தாங்கக் கற்கவேண்டும் என்பவர்களை ஒன்று கேட்கிறோம்: ஆடித் தோற்றால் அல்லவா அதைக் கற்க முடியும்? பெஞ்சில் உட்கார்ந்த குழந்தை கற்பதெல்லாம், தான் எதற்கும் லாயக்கில்லை என்பதுதான். அந்த எண்ணத்தை ஒரு மனிதன் மனதில் ஏற்றுவதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை என்பதற்காகவே நமது இயக்கம் தோன்றிற்று.

குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டென்று 1989இல் ஐக்கிய நாடுகள் சபை செய்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31வது பிரிவு கூறுகிறது. அதை இன்னும் உறுதி செய்யாத நாடு அமெரிக்கா. ஆகவே அங்குள்ள பெற்றோர்கள் கட்டணங் கட்டுமுன், பாதி நேரத்துக்குக் குறையாமல் ஆடவைப்பதாக எழுத்தில் கேட்டு வாங்கட்டும். மறுக்கும் கிளப்பைவிட்டு வெளியேறட்டும். கோப்பை பயிற்சியாளரின் அலமாரிக்குப் போகிறது. குழந்தையின் தன்மதிப்போ ஆயுள் முழுவதும் அதற்குத் துணை நிற்க வேண்டியது.