பிளக் பாயின்ட் என்கிற சில்லறைச் சமாச்சாரம்

புதிதாகக் கிளினிக் திறக்கிற பல் மருத்துவர் நாற்காலிக்கும் எக்ஸ்ரேவுக்கும் லட்சங்களைக் கொட்டுகிறார். தரை டைல்ஸின் நிறத்துக்காக ஒரு வாரம் யோசிக்கிறார். சுவரில் பதிக்கிற பிளக் பாயின்ட்டை மட்டும் எலெக்ட்ரீஷியன் தீர்மானிக்கிறார். எலெக்ட்ரீஷியனோ கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருகிறார்.

பெங்களூரோ போபாலோ, பெரும்பாலான கிளினிக்குகள் வீடாகவோ கடையாகவோ கட்டப்பட்ட இடத்தில்தான் நடக்கின்றன. அங்கே இருக்கும் ஒயரிங், டி.வி.யையும் மிக்ஸியையும் மனதில் வைத்துப் போட்டது. 2,000 வாட் ஆட்டோகிளேவ் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும். நடப்பது வேறு. ஒரு கன்வர்ஷன் பிளக்கை மாட்டி 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகிவிடுகிறார்கள். கம்ப்ரசர் மோட்டார் இன்னும் மோசம். ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் நொடியில் கேட்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பிளக் பழுப்பேறி, உருகிய பிளாஸ்டிக் வாடை வரும். எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள அதுவே போதும்.

வீட்டில் ஷாக் அடித்தால் கையை இழுத்துக்கொள்ளலாம். வாயில் ஈரமும் உலோகக் கருவியுமாக, மரத்துப்போன தாடையோடு படுத்திருப்பவரால் அது முடியாது. உலர்ந்த தோல் தரும் தடுப்பும் வாய்க்குள் இல்லை. மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. நீளத்தால் அது முதலில் தொடும், கடைசியில் விடும். தடிமனால் வேறு துளையில் நுழையாது. சாமான்களோடு வரும் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளோடு செருகும் பழக்கம் இந்த ஏற்பாட்டையே அர்த்தமற்றதாக்குகிறது.

அதைவிட விஷமமான ஒரு பழக்கம் கண்ணுக்குத் தெரியாதது. எர்த் ஒயரே வராத பழைய கட்டடத்தில், சில எலெக்ட்ரீஷியன்கள் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும். டாக்டரும் திருப்தியாகப் பணம் கொடுப்பார். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் நாற்காலியின் உலோகப் பகுதி முழுவதும் மின்சாரம் பாயும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்திருந்தாலும் இந்தக் குறுக்குவழி உடனே அம்பலமாகும் என்று சொல்ல முடியாது.

இறக்குமதி இயந்திரங்கள் தனிக் கதை. ஜெர்மன் பாணி பிளக்கில் எர்த் தொடர்பு முள்ளில் இல்லை, பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் என்று விற்கப்படும் 'யுனிவர்சல்' சாக்கெட்டில் அது கச்சிதமாக நுழையும், இயந்திரமும் ஓடும். எர்த் மட்டும் எங்கும் தொடாது. நம் நாட்டு மூன்று முள் பிளக்கைத் தகுந்த கேபிளோடு மாற்றிப் பொருத்துவதுதான் வழி.

'ஹாஸ்பிடல் கிரேடு' என்ற சொல்லைக் கேட்டதும் மயங்க வேண்டாம். முகப்பில் பச்சைப் புள்ளி போட்ட அந்த சாக்கெட் அமெரிக்காவின் தட்டை முள்ளுக்கும் 120 வோல்ட்டுக்கும் உரியது, நம் பிளக் அதில் நுழையாது. கவனிக்க வேண்டியது அதன் பின்னுள்ள எண்ணம். எர்த் முள்ளை சாக்கெட் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை அங்கே மருத்துவமனைகளில் அளக்கிறார்கள். குறைந்தபட்சம் 115 கிராம். இங்கே அளவெடுக்கும் கருவி தேவையில்லை. பிளக் தன் எடையிலேயே தொங்கி ஆடினால் அந்தப் பாயின்ட்டைத் தூக்கி எறியலாம். புதிது வாங்கும்போது ஐ.எஸ். 1293 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும், துளைகளை மூடும் ஷட்டரும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண் உண்மையா என்பதை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலி சொல்லிவிடும்.

பெரிய மருத்துவமனைகளே இதில் கோட்டைவிட்டிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் பண்டாராவில் 2021 ஜனவரியிலும், ஜான்சியில் 2024 நவம்பரிலும் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் எரிந்தன. இரண்டு இடங்களிலும் மின்கோளாறுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. சின்ன கிளினிக்கில் எரிவதற்கு அவ்வளவு இல்லைதான். தட்டிக்கேட்க அங்கே ஆளும் இல்லை.

குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் இன்னொன்று. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசிகள் உள்ள ஃபிரிட்ஜின் பிளக்கை, செல்போன் சார்ஜ் செய்வதற்காக யாரோ உருவிவிடுவார்கள். அல்லது ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும் பொறுப்பான உதவியாளர் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார். கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். இந்த ஒரு ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி., ஸ்டெபிலைசர் வைத்து, சுவரில் சுவிட்சே இல்லாமல் நேரடியாக இணைத்துவிடலாம். ஒயரிங் போடும்போதே சொன்னால் எலெக்ட்ரீஷியனுக்கு அது அரை நாள் வேலை.